கண் ஒதுங்கும் இடம்

என் மனைவியின் கண்கள் என்ன நிறம் என்று யாராவது திடீரென்று கேட்டால் நான் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். டொக்டரின் கண்களைப் பற்றிக் கேட்டால் யோசிக்கத் தேவையில்லை. இரண்டும் தேயிலைச் சாயத்தின் நிறம். இடது கண்மணியைச் சுற்றி மெல்லிய சாம்பல் வளையம். வலது இமையில் சின்ன வயதில் பட்ட ஏதோ ஒரு காயத்தின் தழும்பு. இதையெல்லாம் ஆசைப்பட்டுப் பார்த்து வைத்தேன் என்று நினைக்க வேண்டாம். அவருடைய கண்ணைப் பார்ப்பது அவர் எனக்குத் தந்த வேலை.

எழுபதுகளின் முற்பகுதி. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நான் அங்கே எக்ஸ்ரே படம் எடுக்கிறவன். படத்தை எடுத்து, இருட்டறையில் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து வெளிச்சப் பெட்டியில் மாட்டுவது என் பாடு. அதைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்வது அவர் பாடு. அவர் நாடி பிடித்து மருந்து எழுதுகிற டொக்டர் அல்ல; படம் வாசிக்கிற டொக்டர். வடகரையில் ஒரு காலத்தில் பாய்க்கப்பல் ஓட்டிய குடும்பத்தில் பிறந்தவர். பெயரை இங்கே எழுதப்போவதில்லை; எழுதினால், அவர் இன்று இருந்தால் என்னை ஏசுவார். நெட்டையான, மெலிந்த மனிதர். கோபம் வந்தால் "கோதாரி" என்பார். சந்தோஷம் வந்தாலும் அதைத்தான் சொல்வார். எது எப்போது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

மற்ற டொக்டர்மார் ஒரு நெஞ்சுப் படத்தைப் பார்த்து "ஒண்டுமில்லை" என்று சொல்ல எடுக்கும் நேரத்தில் ஒரு நெருப்புக்குச்சி எரிந்து முடியாது. இவர் அதைச் சொல்வதற்குள் ஒரு சுருட்டையே புகைத்து முடித்துவிடலாம். சொல்லிவிட்டும் விடமாட்டார். அடுத்த படத்தை மாட்டப் போகும்போது, "பொறும், பொறும், பழையதை ஒருக்கால் போடும்" என்பார். மீண்டும் பார்ப்பார். சில நாட்களில் வீட்டுக்குப் போகக் காரில் ஏறியவர் இறங்கி வந்து பார்த்ததும் உண்டு. எனக்கு எரிச்சல் வரும். பசிக்கிற நேரம், வீட்டுக்குப் போக வேண்டிய நேரம், இந்த மனிதர் ஒன்றுமில்லாத ஒரு படத்துக்கு முன்னால் நின்று தவம் செய்கிறாரே என்று இருக்கும்.

"ஒண்டு இருக்கு எண்டு சொல்லுறது லேசு, காணும்," என்றார் ஒரு முறை. "ஒண்டுமில்லை எண்டு சொல்லத்தான் பயமாக் கிடக்கு."

அந்தப் பயத்தை அவர் இங்கிலாந்தில் இருந்து கொண்டுவந்தார். மற்றவர்கள் அங்கேயிருந்து கம்பளிச் சட்டையும் பிஸ்கற் பேணியும் கொண்டுவந்தார்கள். மேற்படிப்புக்குப் போன இடத்தில், படம் வாசிக்கிறவர்களின் கண் எங்கெங்கே போகிறது என்று அறியும் ஆராய்ச்சி ஒன்றுக்கு ஆள் தேடியிருக்கிறார்கள். இவர் போய் உட்கார்ந்தார். நாடியை, அதாவது முகவாயை, ஒரு பலகையில் வைத்து, நெற்றியை ஒரு பட்டியில் அழுத்தி, கண்ணில் ஒரு சின்ன வெளிச்சத்தைப் படவிட்டார்களாம். கண் அசைந்தால் அந்த வெளிச்சத்தின் தெறிப்பும் அசையும். அதை ஒரு கமெரா பிடித்துக்கொள்ளும். பிறகு அந்த அசைவைக் கோடாக்கி, வாசித்த நெஞ்சுப் படத்தின் மேலேயே போட்டுக் காட்டுவார்கள். ஒரு படத்துக்கு இவர் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறார். அதில் கடலை அளவில் ஒரு கட்டி இருந்தது. கோட்டைப் பார்த்தால், இவருடைய கண் நேரே அந்தக் கட்டியில் போய் நின்றிருக்கிறது. நின்று, விலகி, திரும்பி வந்து மறுபடியும் நின்றிருக்கிறது.

"கண் கண்டிட்டுது. நான் காணேல்லை," என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிப்பதில்லை. கேட்கப் பாவமாக இருக்கும்.

"விடுகிற பிழை மூண்டு வகை, காணும்," என்று எனக்கு விளக்கினார். "ஒண்டு, கண் அந்த இடத்துக்குப் போகவே இல்லை. மற்றது, போச்சுது, ஆனால் நிக்கேல்லை. மூண்டாவது, போய் நிண்டு நல்லா விடுப்புப் பாத்திட்டு, ஒண்டுமில்லை எண்டு வந்திட்டுது. மூண்டாவதுதான் என்னைக் கொல்லுது."

இந்த மூன்றாவது வகை அவரது வீட்டிலும் பிரபலம். ஒரு முறை நல்லூர்த் தேருக்குப் போன இடத்தில் சனத்துக்குள் மனைவியைத் தவறவிட்டுவிட்டார். அந்த அம்மா கோயில் வீதியில் ஒரு தண்ணீர்ப்பந்தலுக்குப் பக்கத்தில் நின்று இவரைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தக் கதையை அந்த அம்மாவே என்னிடம் சொன்னபோது டொக்டர் பக்கத்தில் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு இருந்தார்.

"என்னை நேரை பாத்தவர், தம்பி. வடிவாப் பாத்தவர். பாத்திட்டு அங்காலை போறார், என்னைத் தேடிக்கொண்டு!"

"அது மூண்டாவது வகை," என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

ஊருக்குத் திரும்பி வந்தவருக்கு அந்தப் பொறி இல்லாமல் கை ஒடிந்ததுபோல இருந்திருக்கும். தன் கண் எங்கே போகிறது என்று தெரியாமல் இனிப் படம் வாசிக்க முடியாது என்று நினைத்துவிட்டார். ஆனால் அப்படியொரு பொறிக்கு இங்கே எங்கே போவது? இறக்குமதி எல்லாம் நின்றுபோயிருந்த காலம், எக்ஸ்ரே பிலிமுக்கே நாங்கள் திண்டாடிக்கொண்டிருந்தோம். அவர் ஒரு தச்சரைப் பிடித்து நாடி வைக்கும் பலகை ஒன்று செய்வித்தார். வெளிச்சப் பெட்டிக்கு மேலே ஒரு கறுத்த அட்டையை நிறுத்தி, அதில் ஐந்து சத நாணயக் குற்றியளவு ஒரு துவாரம் போட்டார். துவாரத்துக்குப் பின்னால் ஒரு கதிரை. பொறிக்குப் பதிலாக அந்தக் கதிரையில் என்னை இருத்தினார்.

எனக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகடு. அதில் இரண்டு நுரையீரல்களின் உருவம் வர்ணத் தீந்தையால் கீறி, கிளித்தட்டு விளையாடக் கோடு போடுவதுபோல அறை அறையாகப் பிரித்திருக்கும். அவர் படத்தைப் பார்க்க, நான் துவாரத்தால் அவருடைய கண்ணைப் பார்த்து, அது நிற்கிற அறையில் மெழுகுப் பென்சிலால் புள்ளி வைப்பேன். முதல் கிழமை முழுக்க வாயால் சொல்லிச் சொல்லிப் பழக்கினார்: "இப்ப வலது மேலை நிக்கிறன். இப்ப இதயத்துக்குப் பின்னாலை. இப்ப கீழை." பிறகு சொல்லத் தேவையில்லாமல் போனது. வாசித்து முடிந்ததும் எழும்பி வந்து என் புள்ளிகளைப் பார்ப்பார். எங்கேயாவது ஓர் அறை வெறுமையாக இருந்தால் கோதாரி என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் போய் நாடியைப் பலகையில் வைப்பார். அடுத்த படத்துக்குத் தகட்டை ஸ்பிரிட்டால் துடைத்துவிடுவேன்.

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒருவர் காங்கேசன்துறையில் இருந்து வந்தார். விழுந்து நெஞ்சு நோகுது என்று வந்தவர். படத்தைப் பார்த்ததும் டொக்டர் இடது பக்கத்தில் பழைய நோய் ஒன்றின் தழும்பைக் கண்டுபிடித்து, "பாத்தீரே!" என்று எனக்குத் துவாரத்தால் கண்ணடித்தார். புள்ளிகளைப் பார்த்தபோது வலது பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. அங்கேதான் விலா எலும்பு உடைந்திருந்தது. "ஒண்டைக் கண்ட உடனை இந்தக் கண் வேலை முடிஞ்சுதெண்டு வீட்டை போயிடுது," என்று தன் கண்ணைச் சோம்பேறி வேலைக்காரனை ஏசுவதுபோல ஏசினார். அந்த மனிதரிடம் தானே போய் எலும்பு உடைந்ததைச் சொல்லி, கட்டுப் போடுவித்து, பஸ் ஏற்றிவிட்டுத்தான் வந்தார்.

இந்தக் கண் பித்து ஆஸ்பத்திரியோடு நிற்கவில்லை. என் ஊர் சுன்னாகத்துக்குப் பக்கம். ஒரு நாள் சந்தைக்கு என்னோடு வந்தவர், வெங்காயம் பொறுக்கிப் பிரிக்கிற ஒரு பெண்ணுக்கு முன்னால் குந்திவிட்டார். அழுகியதை அவள் எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்று அவருக்கு அறிய வேண்டும். மற்றவர்கள் என்றால் கையைப் பார்ப்பார்கள். இவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஐயா, வெங்காயம் கீழை கிடக்கு. நீங்கள் எங்கை பாக்கிறியள்?" என்றாள் அவள், சந்தை முழுக்கக் கேட்கும்படி.

சனம் கூடிவிட்டது. எனக்குத் தெரிந்த முகங்கள் எல்லாம் சிரிக்கின்றன. நான் அந்தரப்பட்டு, "அவர் டொக்டர், அக்கா. கண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்யிறவர்," என்று சொல்லிவிட்டேன். அதோடு வந்தது வினை. அடுத்த கிழமையிலிருந்து கண் நோய்க்காரர்கள் எங்கள் எக்ஸ்ரே அறைக்கு வரத் தொடங்கினார்கள். கொழும்புத்துறையில் இருந்து, கண்ணில் வெண்படலம் விழுந்த ஒரு வயோதிபர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். டொக்டர் அவரைக் கதிரையில் இருத்தி, "அப்பு, நான் கண் டொக்டர் இல்லை. கண்ணாலை பாக்கிற டொக்டர்," என்றார்.

"அப்ப மற்ற டொக்டர்மார் எதாலை பாக்கிறவை?" என்று அந்த மனிதர் கேட்டார்.

கோதாரி என்று சொல்லி டொக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். இது சந்தோஷக் கோதாரி. அப்புவைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு போய் உண்மையான கண் டொக்டரிடம் விட்டுவிட்டு வந்தார்.

இந்த நாட்களில்தான் என் மனைவி பரமேசுக்கு இருமல் தொடங்கியது. மகன் பிறந்து மூன்று நான்கு மாதம். பின்னேரமானால் மெல்லிய காய்ச்சல். சட்டைகள் தோளில் தொங்கத் தொடங்கின. பிள்ளைப்பெற்ற உடம்பு அப்படித்தான் என்றார்கள் எங்கள் வீட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்தோம். டொக்டர் வழக்கம்போல நெடுநேரம் பார்த்தார். காரில் ஏறப் போனவர் திரும்பி வந்தும் பார்த்தார். "ஒண்டுமில்லை, காணும். சத்தான சாப்பாடு குடும்," என்றார். அவர் சொன்ன ஒன்றுமில்லையை நான் கோயில் பிரசாதம்போல வீட்டுக்குக் கொண்டுபோனேன். இருமல் நிற்கவில்லை.

பிறகு ஸ்பிரிட்டுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஊசி போடுகிற இடத்துக்கே போதாதபோது கண்ணாடி துடைக்க எனக்கு யார் தருவார்கள்? இரண்டு தகடுகளை வைத்துக்கொண்டு, கண் போகாத அறையை டொக்டருக்கு வாயால் சொல்லிவிட்டு, துடைக்காமல் புள்ளிக்கு மேல் புள்ளியாக வைத்துக்கொண்டு போனேன். பெண்கள் வீட்டில் சமைத்து முடித்துவிட்டு வருவதால் அவர்களுடைய படங்களைப் பின்னேரத்தில்தான் வாசிப்போம், ஆண்களுடையதைக் காலையில். அதனால் ஒரு தகட்டில் ஆண்கள், மற்றதில் பெண்கள் என்று தானாகவே பிரிந்துவிட்டது. கிழமை முடிவில் இரண்டையும் யன்னலில் சாத்தி வைத்திருந்தேன். தேத்தண்ணீர்க் கோப்பையோடு உள்ளே வந்த டொக்டர் அப்படியே நின்றார்.

"உதென்ன?"

"துடைக்கேல்லை, சேர். ஸ்பிரிட் இல்லை."

"துடையாதையும்! ஒண்டையும் துடையாதையும்!"

ஆண்களின் தகட்டில் வெறுமையான இடமே இல்லை. பெண்களின் தகட்டிலும் புள்ளிகள் நிறைந்துதான் இருந்தன. வலது தோளுக்குக் கீழே, உள்ளங்கை அளவு இடத்தைத் தவிர. நாலு அறைகளின் மூலைகள் சேர்கிற அந்த இடம் சுத்தமாகக் கிடந்தது; அறைகளின் மற்ற ஓரங்களில் புள்ளி விழுந்ததால் ஓர் அறையும் வெறுமையாகத் தெரிந்ததில்லை. வெயில் அதற்குள்ளால் வந்து நிலத்தில் விழுந்தது. ஒவ்வொரு படமாகப் பார்த்தபோது தெரியாதது ஒரு கிழமைப் படங்கள் சேர்ந்தபோது தெரிந்தது.

அது என்ன இடம் என்று எனக்கு உடனே தெரிந்தது. படம் எடுக்க வருகிற பெண்ணிடம் தாலியைக் கழற்றச் சொல்லி எங்கள் ஊரில் கேட்க முடியாது. கேட்டால் ஆளும் வராது, மரியாதையும் கெடும். அதனால் தாலிக்கொடியை வலது தோளுக்கு மேலால் முதுகுப் பக்கம் போட்டுவிடச் சொல்வோம். எல்லா எக்ஸ்ரே அறைகளிலும் அதுதான் வழக்கம். சொல்லும் முன்னரே பெண்கள் அதைச் செய்துவிடுவார்கள். கதிருக்கு முதுகும் ஒன்றுதான், நெஞ்சும் ஒன்றுதான். தாலியும் தடித்த கொடியுமாகச் சேர்ந்து படத்தில் வலது மேல் பக்கம் வெள்ளை வெளேரென்று விழும். டொக்டரின் கண் அந்த வெள்ளைக்குக் கிட்ட வந்ததும், கோயில் வாசலில் செருப்போடு நிற்கிறவன்போல, உள்ளே போகாமல் சுற்றிப் போயிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இருந்த மற்ற இரண்டு டொக்டர்மாரையும் பலகையில் இருத்திப் பார்த்தோம். அவர்களுடைய கண்களும் ஒதுங்கின. கண்டிப் பக்கத்துச் சிங்கள டொக்டர் ஒருவர் அந்த நேரம் டொக்டரின் வீட்டுக்கு விருந்தாக வந்திருந்தார். அவரையும் இருத்தினோம். அவருடைய கண் நேரே தாலியில் போய்க் குத்திட்டு நின்றது. எழும்பி வந்து, இவ்வளவு பாரத்தைக் கழுத்தில் எப்படிச் சுமக்கிறார்கள் என்று கேட்டார்.

அவர் போன பிறகு டொக்டர் கதிரையில் பொத்தென்று இருந்தார். "அந்தாளுக்கு அது ஒரு நகை. பாக்குது. எங்களுக்குத் தாலி. ஒரு பொம்பிளையின்ரை தாலியை உத்துப் பாக்கக்கூடாதெண்டு ஆர் காணும் இந்தக் கண்ணுக்குச் சொல்லிக் குடுத்தது? நான் சொல்லேல்லையே." யன்னலில் சாத்தியிருந்த பெண்களின் தகட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "கசம், இந்தச் சயரோகம், முதல் வந்து குந்துறதும் அந்த இடத்திலைதான்," என்றார்.

நாங்கள் இருவரும் ஒரே ஆளைத்தான் நினைத்தோம். அவர் எழும்பிப் போய்ப் பரமேசின் படத்தைத் தானே தேடி எடுத்து மாட்டினார். தாலி அதே இடத்தில் கிடந்தது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அடுத்த நாளே அவளை வரச் செய்தோம். கொடியை இடது தோளால் போட்டு எடுத்தோம். வலது உச்சியில் ஏதோ மங்கலாகத் தெரிந்தது. ஆனால் கழுத்தைச் சுற்றி வரும் கொடி அதற்கு மேலால் குறுக்கே கிடந்தது; கொடியின் நிழலோ வேறு ஏதோ என்று சொல்ல முடியவில்லை. பின்னுக்குச் சாயச் சொல்லி எடுக்கலாம் என்றால் கொடி இன்னும் மேலே ஏறி வந்து அதே இடத்தில் குவிகிறது. பல்லால் கடித்துப் பிடிக்கச் சொன்னோம். இருமல் வந்து படம் ஆடிவிட்டது. அதற்கு மேல் பிலிமை வீணாக்க எங்களிடம் வசதி இல்லை.

"கழட்டித்தான் எடுக்கவேணும்," என்றார் டொக்டர்.

"கழட்ட மாட்டன்," என்றாள் பரமேஸ்.

வீட்டில் பெரிய சண்டை. நான் கத்தினேன். அவள் கத்தவில்லை, பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "அம்மான்ரை கொடி கிணத்தடியிலை அறுந்து விழுந்தது உங்களுக்குத் தெரியுந்தானே. அந்த மாதந்தான் எங்கடை அப்பா கண்ணை மூடினவர். எனக்கு இருமல்தானே. இருமிப்போட்டுப் போறன். உங்களுக்கு ஒண்டு நடந்தால் நான் என்னப்பா செய்யிறது?"

இதை மூடநம்பிக்கை என்று சொல்லலாம். அவள் பயப்பட்டது எனக்காக. என் உயிருக்காகத் தன் உயிரைப் பணயம் வைக்கிற ஒருத்தியிடம் அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் படலையடியில் டொக்டரின் பழைய கார் வந்து நின்றது. அவர் அதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. பரமேஸ் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவு நிலையோடு நின்று இருமினாள்.

"பிள்ளை, இதிலை இரும்," என்றார். அவள் இருக்கவில்லை. "சரி, நிண்டுகொண்டு கேளும். உம்மடை படத்தைப் பாத்து ஒண்டுமில்லை எண்டு சொன்னது நான். அது பிழை. இப்பவும் நான் இருக்கெண்டும் சொல்லவரேல்லை, இல்லையெண்டும் சொல்லவரேல்லை. நான் அந்த இடத்தைப் பாக்கேல்லை. உம்மடை தாலி அதிலை கிடந்தது. என்ரை கண் அதுக்கு மரியாதை குடுத்து ஒதுங்கிப் போட்டுது. அதை உமக்குச் சொல்லத்தான் வந்தனான்."

கொழும்பில் இருந்தும் ஆட்கள் படம் அனுப்பிக் கருத்துக் கேட்கிற மனிதர் அவர். என் வீட்டுக் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம், நான் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பரமேஸ் கொடியைக் கையால் பிடித்துக்கொண்டாள். "டொக்டருக்கே என்ரை தாலியிலை இவ்வளவு மரியாதை எண்டால், நான் எப்பிடிக் கழட்டிறது?" என்றாள்.

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை, பிள்ளை," என்றார் அவர், உண்மையாகவே.

அவள் உள்ளே போனாள். பிள்ளையின் தொட்டில் ஆடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. "கொடி தேஞ்சால் நகைப் பத்தரிட்டைக் குடுத்துத் திருத்திறதுதானே," என்றாள். "அப்ப மஞ்சள் கயித்திலை மஞ்சள் துண்டு கட்டிப் போட்டுக்கொண்டு இருப்பம். கழுத்து வெறுமையா இராது. மஞ்சள் படத்திலை விழுமோ, டொக்டர்?"

டொக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கோதாரி! விழாது, பிள்ளை. விழவே விழாது."

"அப்ப இவர்தான் கட்டவேணும். கயிறு ஏறின பிறகுதான் கொடி இறங்கும்."

அடுத்த நாள் காலை எக்ஸ்ரே அறையில் என் மனைவிக்கு நான் இரண்டாம் முறை தாலி கட்டினேன். மேளமும் இல்லை, ஐயரும் இல்லை. டொக்டர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பக்கமாக நின்றார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முடிச்சுப் போடத் தெரியாமல் நின்றேன். "அண்டைக்கும் உப்பிடித்தான் நிண்டவர்," என்று பரமேஸ் முணுமுணுத்தாள். கொடியைக் கழற்றி எடுத்த பிறகுதான் அதை எங்கே வைப்பது என்ற பிரச்சினை வந்தது. நோயாளிகள் படுக்கிற மேசையில் வைக்க முடியாது. மருந்துத் தட்டிலும் முடியாது. "என்னட்டைத் தாரும்," என்று டொக்டர் இரண்டு கைகளையும் நீட்டினார். நான் படம் எடுக்கிற நேரமும், இருட்டறையில் கழுவுகிற நேரமும் அவர் அதை ஏந்திக்கொண்டே நின்றார்.

ஈரப் படத்தைப் பெட்டியில் மாட்டிவிட்டு நான் பக்கத்தில் நின்றுகொண்டேன். படம் வாசிக்க எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கண்ணை வாசிக்கத் தெரியும். அது நேரே வலது உச்சிக்குப் போனது. நின்றது. பிறகு இடது பக்கம், இதயம், விலா எலும்புகள் என்று ஒன்றையும் விடாமல் எல்லா இடமும் போய் வந்தது. வந்து மறுபடியும் வலது உச்சியில் நின்றது. அங்கிருந்து நகரவில்லை. அவர் வாய் திறக்கும் முன்னமே எனக்கு விளங்கிவிட்டது.

பரமேஸ் சட்டையைச் சரிசெய்துகொண்டு வந்து வாசலில் நின்றாள். "டொக்டர், முதல் கொடியைத் தாங்கோ. பேந்து சொல்லுங்கோ."

அவர் அதை அவளிடம் கொடுக்காமல் என்னிடம் தந்தார். நான் போட்டுவிட்டேன்.

"கிடக்குது, பிள்ளை," என்றார். "சின்னன்தான்."

"கசமோ?"

"ஓம். ஆனால் மாறும். ஊசி போட, குளிசை குடிக்க மாறும். நாள் எடுக்கும். மாறும்."

அவள் தலையை ஆட்டினாள். கண் கலங்கவில்லை. கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு நாளும் என்னிடம்கூடச் சொல்லாமல் உள்ளே வைத்திருந்த பயத்தைக் கேட்டாள்: "அப்ப, பிள்ளைக்குப் பால் குடுக்கக் கூடாதோ? அவனை என்னட்டையிருந்து பிரிக்கவேணுமோ?"

கசம் என்றால் பிள்ளையை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுகிற காலம் அது. தூர இருந்து பிள்ளையைப் பார்த்து அழுத தாய்மாரை எனக்குத் தெரியும்.

"பிரிக்க வேண்டாம்," என்றார் டொக்டர். "குடும், பிள்ளை. மருந்தைத் துவங்கிப்போட்டுக் குடும். பிள்ளைக்கும் ஒரு மருந்து குடுப்பம். நெஞ்சு டொக்டரோடை நான் இப்பவே கதைக்கிறன். ஊரிலை ஆராவது கூடாதெண்டு வந்தால் என்னட்டை வரச் சொல்லும்."

பரமேஸ் அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே, "அவன் எழும்பியிருப்பான், நான் போறன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

நோய் மாறிச் சுகம் வந்தது. ஊசியும் குளிசையுமாக ஒரு வருஷத்துக்கு மேல் சென்றது. அவளும் தேறினாள், பிள்ளைக்கும் ஒன்றும் வரவில்லை. ஆனால் அன்று காலை அது எனக்கும் டொக்டருக்கும் தெரியாது. வாசிக்க வேண்டிய படங்கள் இன்னும் கிடந்தன. நான் அடுத்ததை எடுத்து வெளிச்சப் பெட்டியில் மாட்டப் போனேன். டொக்டர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் முறை.

"இண்டைக்கு வேண்டாம்," என்றார். "இந்தக் கண்ணுக்கு இண்டைக்கு இவ்வளவும் போதும். நீர் வீட்டை போம்."